டர்ன்டேபிளை பெயர்த்து எடுத்துட்டு போறதா, இருந்த இடத்துலயே காப்பாத்தறதா?

ஸ்டீம் இன்ஜின் மேல பைத்தியமா இருக்கறவங்க நாலு பேர் கூடினா இந்த சண்டை எப்படியும் வந்துடும். எங்கயோ ஒரு மூடின லோகோ ஷெட்ல துருப்பிடிச்சு கிடக்கற டர்ன்டேபிளை, அதாவது வட்டக்குழிக்கு மேல நின்னு இன்ஜினை அப்படியே சுத்தித் திருப்பற இரும்புப் பாலத்தை, தூக்கிட்டு போய், பாரம்பரிய ரயில் ஓடற ஒரு லைன்ல போட்டு மறுபடி சுத்த வைக்கறது நல்லதா, இல்ல அது பிறந்த ஷெட்லயே, அந்த குழியிலயே வெச்சு காப்பாத்தறதுதான் நியாயமா? மூணாவதா இன்னொரு கட்சியும் இருக்கு, டர்ன்டேபிளே வேண்டாம், முக்கோண லைன் போட்டு, அதுல முன்னும் பின்னும் ஓட்டியே இன்ஜினை திருப்பிட்டா போதும்னு சொல்றவங்க. எனக்கு மூணு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் பாசம் இருக்கு, ஆனா சமமா இல்ல.

முதல்ல இன்ஜினை ஏன் திருப்பணும்னு பாத்துடலாம், ஏன்னா பாதி விஷயம் அதுலயே முடிஞ்சிடுது. டெண்டர், அதாவது கரியும் தண்ணியும் சுமக்கற வண்டி, பின்னால ஒட்டின இன்ஜின் பின்பக்கமா ஓடினா டிரைவருக்கு முன்னால சரியா தெரியாது, கரித்தூள் கண்ணுல அடிக்கும். இங்கிலாந்து மெயின்லைன்ல டெண்டர் முன்னால போனா மணிக்கு 45 மைலுக்கு மேல விடமாட்டாங்க. ஆனா அதே நாட்டுல பாரம்பரிய லைன்கள் பெரும்பாலும் எந்தப் பக்கம் ஓடினாலும் 25 மைல்தான், அப்போ வேகம்ங்கற காரணம் அங்க செல்லாது. வளைவு ஜாஸ்தியான லைன்ல எப்பவும் ஒரே பக்கம் பாத்து ஓடினா சக்கரத்துல ஒரு பக்க ஃபிளாஞ்ச் (தண்டவாளத்தை விட்டு இறங்காம பிடிக்கற விளிம்பு) மட்டும் சீக்கிரம் தேயும், அதுக்காக அப்பப்போ திருப்பினா நல்லது, அவ்வளவுதான். நம்ம நீலகிரி மலை ரயில்ல அந்த தேவையே வரல பாருங்க, பல்சக்கர பாதையில இன்ஜின் எப்பவும் இறக்கத்து பக்கம் நின்னு ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கிப் பிடிக்கும், ஒவ்வொரு டிரிப்புக்கும் திருப்பற வேலையே கிடையாது.

அதனால எவனாவது "எங்க லைனுக்கு ஒரு டர்ன்டேபிள் வேணும்"னு சொன்னா, ஓட்டத்துக்கா இல்ல ஜனங்க பாக்கறதுக்கான்னு முதல்ல கேக்கணும். ரெண்டுமே நியாயமான காரணம்தான், செலவுதான் வேற வேற.

பாக்கறதுக்குன்னு செஞ்சதுல எனக்கு தெரிஞ்சு ஜப்பான்ல டோபு ரயில்வே செஞ்சதை அடிச்சுக்க ஆளில்ல. 2017 ஆகஸ்ட் 10ல அவங்க எஸ்.எல். டைஜுன்னு ஒரு ஸ்டீம் ரயில் ஆரம்பிச்சாங்க, ஷிமோ-இமாய்ச்சியில இருந்து கினுகாவா-ஓன்சென் வரைக்கும், மொத்தமே 12.4 கிலோமீட்டர். டர்ன்டேபிள் அவங்க கையில இல்ல. ஹோன்ஷு தீவோட மேற்கு கோடியில யமகுச்சி மாவட்டத்து நாகாட்டோ ஸ்டேஷன்ல சும்மா இருந்ததை வாங்கி ஷிமோ-இமாய்ச்சியில போட்டாங்க, ஹிரோஷிமா மாவட்டத்து மியோஷியில இருந்ததை கினுகாவாவுல போட்டாங்க. கினுகாவாவுல அதை ஷெட்டுக்குள்ள ஒளிச்சு வைக்காம ஸ்டேஷன் வாசல் மைதானத்துலயே வெச்சிருக்காங்க, டிக்கெட் வாங்காதவன்கூட வேலி ஓரமா நின்னு பாக்கலாம். நான் அங்க நின்னப்போ வந்தது சி11 207ங்கற இன்ஜின், முன்னால ரெண்டு ஹெட்லைட் இருக்கும், நண்டுக்கண்ணுன்னு அங்க செல்லமா சொல்வாங்க. பின்னால ஒரு குட்டி கார்டு வேன் ஒட்டியிருக்கும், ரயிலை தானா நிறுத்தற பாதுகாப்பு கருவிங்க எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு, அந்த வேனையும் சேத்துதான் திருப்பறாங்க, இன்ஜின் 12.65 மீட்டர், அதோட வேனும் ஏறினா பாலத்துல ரெண்டு முனையிலயும் மிச்சம் இடமே இல்லாத மாதிரி இருந்துச்சு. பாலத்தோட பூட்டு விடுபட்ட சத்தம் கேட்டதும் ஒரு விசில், அப்புறம் இரும்பு மெதுவா முனகிக்கிட்டே நகர ஆரம்பிச்சதும் பக்கத்துல நின்ன பாட்டி பேரனை தூக்கி தோள்ல வெச்சுக்கிட்டாங்க. சி11 டேங்க் இன்ஜின், கரியும் தண்ணியும் அது மேலயே இருக்கும், ரெண்டு பக்கமும் ஓடக்கூடியது, ஓட்டத்துக்காக திருப்பியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. ஆனா நாகாட்டோவுலயும் மியோஷியிலயும் யாரும் பாக்காம கிடந்த ரெண்டு பாலமும் இன்னிக்கு வேலை செய்யுது, எனக்கு அது போதும்.

இடம் மாத்தறதுல என்ன இழக்கறோம்னு புரியணும்னா கார்ஸ்டேல் கதையை சொல்லணும். இங்கிலாந்துல செட்டில்-கார்லைல் லைன்ல, மலை மேல காத்து பிச்சு எடுக்கற இடம், அப்போ பேரு ஹாஸ் ஜங்ஷன். 1900ல ஒரு நாள் இன்ஜினை டர்ன்டேபிள்ல ஏத்தி திருப்பிக்கிட்டு இருக்கும்போது காத்து பிடிச்சு தள்ளி, இன்ஜின் நிக்காம சுத்த ஆரம்பிச்சிடுச்சு, யாராலயும் நிறுத்த முடியல, கடைசியில குழிக்குள்ள மண்ணை அள்ளிப் போட்டுத்தான் நிறுத்தினாங்கன்னு சொல்லுவாங்க. கேக்க கட்டுக்கதை மாதிரி இருந்தாலும் அந்த மாதிரி டர்ன்டேபிள் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா நம்ப முடியும். மொத்த பாரமும் நடு பேரிங் மேல நிக்கும், ஓரத்து சக்கரங்க சும்மா ஆடாம பாத்துக்கும், இன்ஜினை சரியா நடுவுல பேலன்ஸ் பண்ணி நிறுத்திட்டா ரெண்டு ஆள் தோள் குடுத்தாலே நகரும், அப்போ மலைக்காத்து தள்ளாதா? அதுக்கப்புறம் பழைய ஸ்லீப்பர் கட்டைங்களை நட்டுக்குத்தலா நிறுத்தி டர்ன்டேபிளை சுத்தி கோட்டை மாதிரி ஒரு தடுப்பு கட்டினாங்க. அந்த டர்ன்டேபிள் இப்போ கீத்லியில, கீத்லி அண்ட் வொர்த் வேலி லைன்ல இருக்கு, நல்லா பாத்துக்கறாங்க. ஆனா அந்த காத்து கீத்லியில இல்ல, அந்த மரக்கோட்டையும் இல்ல. அங்க போய் பாக்கறவனுக்கு யாராவது சொன்னாதான் கதை தெரியும்.

ஒரு டர்ன்டேபிள்ல பாதி இரும்பு, பாதி இடம். பெயர்த்து எடுத்துட்டு போகும்போது வர்றது இரும்புப் பாலமும் நடு பேரிங்கும் மட்டும்தான், குழி வராது, குழியோட சுவரு வராது, சுத்தி விசிறி மாதிரி விரியற லைன்கள் வராது. அதையெல்லாம் புது ஊர்ல புதுசாத்தான் கட்டணும், பணத்துல பெரிய பங்கு அங்கதான் போகும். தண்ணி வடியற வழி சரியா இல்லன்னா குழி குளமாயிடும், நடு பேரிங் துரு பிடிக்கும். பாலத்தோட வகையும் முக்கியம், தண்டவாளத்துக்கு கீழ கர்டர் (பாரம் தாங்கற இரும்பு உத்தரம்) இருக்கற வகைக்கு ஆழமான குழி வேணும், ரெண்டு பக்கமும் சுவரு மாதிரி கர்டர் நிக்கற வகைக்கு ஆழம் கம்மியா போதும், நிலத்தடி நீர் மேலயே இருக்கற இடம்னா ரெண்டாவதுதான் நல்லது. நீளம் இன்னொரு தலைவலி. இங்கிலாந்துல மைன்ஹெட்ல 2008ல வந்தது வேல்ஸ்ல புல்ஹெலியில இருந்த டர்ன்டேபிள், பெரிய இன்ஜினுக்கு பத்தாதுன்னு 65 அடிக்கு நீட்டித்தான் போட்டாங்க. பயன்பாட்டுக்கு அது சரி, ஆனா நீட்டின பாலத்தை பழைய பாலம்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்தக்கூடாது, எது பழசு எது புதுசுன்னு பக்கத்துல ஒரு பலகை வெச்சுடணும்.

இதுக்கு நேர் எதிர் பக்கம் பேரோ ஹில். இங்கிலாந்து ஸ்டேவ்லி பக்கத்துல மிட்லண்ட் ரயில்வே 1870ல கட்டின ரவுண்ட்ஹவுஸ், அதாவது டர்ன்டேபிளை சுத்தி இன்ஜின் நிக்கற ஷெட், கூரைக்கு கீழயே டர்ன்டேபிள், அதுல இருந்து 24 லைன் விரியுது. 1991ல மூடினாங்க, இடிக்காம ஆர்வலர்கள் போராடி காப்பாத்தி 1998ல மறுபடி திறந்தாங்க. உள்ள நின்னு மேல பாத்தா புகைக்கூண்டு வரிசை, கீழ பாத்தா எண்ணெய் ஊறின தரை, நடுவுல பாலம், எதையும் யாரும் விளக்க வேண்டியதே இல்ல. கியோட்டோவுல உமேகோஜியும் அப்படித்தான், 1914ல கட்டின, 20 இன்ஜின் நிக்க இடம் இருக்கற ஷெட், இப்போ மியூசியத்தோட சேந்திருந்தாலும் டர்ன்டேபிள் இன்னும் சுத்துது. இது மாதிரி ஷெட்டும் டர்ன்டேபிளும் சேந்து நிக்கற இடத்துல இருந்து ஒரு போல்ட்டைக்கூட கழட்டக்கூடாதுன்னுதான் நான் சொல்லுவேன், எவ்வளவு நல்ல லைன்ல இருந்து வந்து கேட்டாலும் சரி.

ஆனா ஷெட் போயிடுச்சு, நிலத்துக்கும் வேற திட்டம் வந்தாச்சுன்னா? அங்கதான் இருந்த இடத்துலயே காப்பாத்தணும்ங்கற கட்சி தோத்துப் போகுது. அமெரிக்காவுல போர்ட்லண்ட் நகரத்து புரூக்ளின் ரவுண்ட்ஹவுஸை 2012ல இடிச்சப்போ அங்க இருந்த இன்ஜின்களை ஒரேகன் ரயில் ஹெரிடேஜ் சென்டருக்கு மாத்தினாங்க, டர்ன்டேபிளையும் கழட்டி எடுத்து வெச்சாங்க, ஆனா அது புது இடத்துல உக்கார பத்து வருஷம் போல ஆச்சு. அந்த பத்து வருஷத்துல நிதி சேக்கறவங்க மனசு விட்டிருந்தா அது பழைய இரும்பு விலைக்கு போயிருக்கும். இதுதான் இடமாற்றத்துல எனக்கு இருக்கற பெரிய பயம், கழட்டும்போது இருக்கற வேகம் மாட்டும்போது இருக்காது. இங்கிலாந்துல ஸ்கார்பரோ மாதிரி கறாரான தேவை இருந்தா பயமில்ல, அங்க மெயின்லைன் ஸ்டீம் ஸ்பெஷல் வந்து திரும்பிப் போகணும், அந்த 45 மைல் கட்டுப்பாடு நெஜமாவே உதைக்கும், அதனால 1981ல கேட்ஸ்ஹெட் ஷெட்டோட டர்ன்டேபிளை கொண்டு வந்து போட்டாங்க. அதே மாதிரி அமெரிக்காவுல மேரிலண்ட் மலையில ஃப்ராஸ்ட்பர்க்ல லைன் முடியற இடத்துல இருக்கறது மேற்கு வர்ஜீனியா எல்கின்ஸ்ல இருந்து வந்தது, இன்ஜின் திரும்பறதை பாக்கவே கூட்டம் இறங்கி நிக்குது.

முக்கோண லைன் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. கொலராடோவுல டுராங்கோவுல இருந்து போற ரயில் சில்வர்ட்டன்ல முக்கோணத்துலதான் திரும்புது, இன்ஜினோட பெட்டிங்களும் சேந்தே திரும்பிடும், பேரிங் இல்ல, மோட்டார் இல்ல, குழி இல்ல, பராமரிப்பு செலவும் கம்மி. ஆனா மூணு வளைவுக்கும் மூணு பாயின்ட்டுக்கும் (தண்டவாளம் பிரியற இடம்) இடம் வேணும், ஊருக்கு நடுவுல இருக்கற ஸ்டேஷனுக்கு அது எங்க கிடைக்கும்? நிலம் இருக்கற லைன், திருப்பறது மட்டும்தான் வேலைன்னா, யோசிக்காம இதையே போடலாம். புதுசா டர்ன்டேபிள் செஞ்சு வாங்கறதும் ஒரு வழிதான், பழைய பாலங்க இன்னும் கேப்பாரில்லாம கிடக்கும்போது அதுக்கு எனக்கு மனசு வரல.

என் ஓட்டு எதுக்குன்னு கேட்டா, ஷெட் நிக்குதுன்னா அங்கயே விடுங்க. ஷெட் போயிடுச்சுன்னா தூக்குங்க, ஆனா போற இடத்துல குழிக்கு நிலமும், வடிகாலுக்கு வழியும், குறைஞ்சது கான்கிரீட் வரைக்கும் பணமும் தயாரா இருக்குன்னு தெரிஞ்ச பிறகு தூக்குங்க. தூக்கறதுக்கு முன்னால பழைய குழியை வெறுங்குழின்னு நினைக்காம முழுசா அளவெடுங்க, வட்டத் தண்டவாளத்தோட விட்டம், நடு பேரிங் உக்கார்ற கல்லோட உயரம், பூட்டு விழற இடம், எந்த லைன் எந்த கோணத்துல வந்து சேருதுன்னு எல்லாம். பாலத்துல கழட்டற ஒவ்வொரு துண்டுக்கும் பெயின்ட்ல நம்பர் போட்டு போட்டோ எடுத்து வையுங்க, ஏன்னா பத்து வருஷம் கழிச்சு அதை மாட்டப் போறவங்க பெரும்பாலும் கழட்டினவங்களா இருக்க மாட்டாங்க.