முதியோர் இல்லத்துக்குச் சோலார் ஹீட்டரா, உடனடி ஹீட்டரா?

பினாங்கில் பங்களாவையோ மாடி வீட்டையோ வாடகைக்கு எடுத்து முதியோர் இல்லம் நடத்துகிறவர்களுக்குக் குளியல் சுடுதண்ணீருக்குப் பொதுவாக இரண்டு வழி. கூரையில் சோலார் ஹீட்டர், இல்லையென்றால் குளியலறைச் சுவரில் உடனடி ஹீட்டர். மின்சார பில்லை மட்டும் பார்த்தால் சோலார்தான். கிருமியையும் கணக்கில் எடுத்தால் நான் சோலார் பக்கம் போகமாட்டேன்.

கடுமையான நிமோனியாவைக் கொண்டுவரும் லெஜியோனெல்லா 20 முதல் 45 டிகிரி வரையுள்ள தண்ணீரில் பெருகும். 60 டிகிரியில் சில நிமிடங்களில் பெரும்பாலும் செத்துவிடும். வெயில் நாளில் சோலார் தாங்கி அந்தச் சூட்டை எட்டும். அக்டோபர், நவம்பரில் மழை விடாமல் பெய்தால் தாங்கி முழுக்க வெதுவெதுப்பாகவே நின்றுவிடும். மின் பூஸ்டரைப் போட்டால் 60க்கு ஏற்றலாம்தான். பில்லுக்குப் பயந்து அதை அணைத்துவைக்கிற இடத்தில் என்ன பயன்? சரி, ஏற்றிவிட்டார்கள் என்றே வைப்போம். 60 டிகிரித் தண்ணீர் பாட்டிமாரின் மெல்லிய தோலைச் சில நொடிகளில் பொசுக்கிவிடும். சூட்டைக் குறைத்துக் கலந்துவிடும் வால்வு குழாயருகே கட்டாயம் வேண்டும்.

உடனடி ஹீட்டரில் சுடுதண்ணீர் தேங்கி நிற்பதில்லை. ஆனால் அதற்குள் போவதும் கூரைத் தாங்கித் தண்ணீர்தான். பச்சைத் தண்ணீரை 20 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது இங்கிலாந்து வழிகாட்டி. நம் ஊரில் அது 28 டிகிரியிலேயே வரும். ஹீட்டர் அதை 40 பக்கம் ஏற்றுவதோடு சரி, கிருமியைக் கொல்லாது. ஆகவே தாங்கியைக் கழுவ வேண்டும், ஷவர் தலையைக் கழற்றித் தேய்க்க வேண்டும், ஆளில்லாத அறைக் குழாயை வாரம் ஒருமுறையாவது சில நிமிடம் திறந்துவிட வேண்டும். 2024 ஜனவரியில் வந்ததுபோல் பெரிய தண்ணீர்த் தடை வந்துபோனால், எல்லாக் குழாயையும் ஓடவிட்ட பிறகே குளிப்பாட்டல்.

குளோரின் கலக்கும் பம்பு சிறு இல்லத்துக்குச் சரிவராது. அளவைப் பார்க்க ஆள் வேண்டும். குழாயின் உள்சுவரில் படியும் வழுவழுப்பான படலத்தில் ஒளிந்திருக்கும் கிருமி குளோரினுக்கு லேசில் சாகாது. 0.2 மைக்ரான் ஷவர் வடிகட்டி நன்றாகத் தடுக்கும், ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் மாற்றியாக வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவரின் அறைக்கு மட்டும் வாங்கலாம்.

அப்புறம், எந்த ஹீட்டரும் காப்பாற்றாத இடம் ஒன்று உண்டு: நெபுலைசரும் ஆக்சிஜன் இயந்திரத்தின் தண்ணீர்க் குப்பியும். நுண்துளியாக மூச்சில் போயும், விழுங்கும்போது புரையேறியும்தான் இந்தக் கிருமி நுரையீரலை அடைகிறது. அவற்றில் குழாய்த் தண்ணீரே கூடாது. கிருமி நீக்கிய தண்ணீர்தான்.