புரூஃப் எங்கே நிற்கிறது? ஒரு கலியாண ஓடரை மூன்று விதமாக வரைந்து பார்த்தோம்

ஆவணி முகூர்த்தங்களுக்கான அழைப்பிதழ் ஓடர்கள் ஆடியிலேயே வந்து குவியும். யாழ்ப்பாணத்தில் என் அண்ணன் நடத்தும் சின்ன அச்சகத்தில் போன வருடம் மூன்று நாளில் முடியவேண்டிய ஓடர்கள் எட்டு நாள் இழுத்தன. மிஷின் பழுதில்லை, ஆட்களும் குறையவில்லை. எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்க, ஒரே வேலை நடக்கும் விதத்தை மூன்று முறைகளில் தாளில் போட்டுப் பார்த்தோம்.

முதலில் சரிபார்ப்புப் பட்டியல். இதை லேசாக நினைக்கக்கூடாது. 1935இல் அமெரிக்காவில் போயிங் 299 விமானம் சோதனைப் பறப்பில் விழுந்தது, சுக்கான்களின் பூட்டை விடுவிக்க மறந்ததால்தான். விமானிகளுக்குப் பட்டியல் வந்தது அதன்பிறகே. நாங்களும் முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர், தகப்பன்மாரின் முதலெழுத்து என்று 11 வரி எழுதிச் சுவரில் ஒட்டினோம். பிழை குறைந்தது, நாள் குறையவில்லை. நேராகப் போகும் வேலைக்குப் பட்டியல் போதும். "இல்லை என்றால் என்ன செய்வது?" என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அந்த இடம் பாய்ச்சற் கோட்டுப்படத்தில் (flowchart) இருக்கிறது. ஓ/எல் பிள்ளைகள் தகவல் தொழினுட்பப் பாடத்தில் வரைவதுதான்: முட்டை வடிவில் தொடக்கமும் முடிவும், செவ்வகத்தில் வேலை, சாய்சதுரத்தில் கேள்வி. கணினிக்காகப் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கில்பிரெத் தம்பதியர் 1921இலேயே அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தில், வேலைகளைப் படிப்படியாக வரையும் செயல்முறைப் படத்தை முன்வைத்துவிட்டார்கள்.

மிஞ்சிய மட்டையின் பின்பக்கத்தில் அண்ணன் பென்சிலால் வரைந்தார். கம்போஸ் பண்ணும் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, இப்படி ஒருநாளும் நடக்கிறேல்லை" என்றாள். உண்மைதான். அவர் வரைந்தது நடக்கவேண்டிய முறை. எல்லோரும் முதலில் செய்யும் பிழை இது. அப்படி வரைந்த படம் எதையும் காட்டிக்கொடுக்காது. அழித்துவிட்டு, நடப்பதை நடப்பதுபோலவே வரைந்தோம். புரூஃப் என்பது அச்சடிக்க முன் வாடிக்கையாளர் பார்த்துத் திருத்தும் மாதிரி. "புரூஃப் சரியா?" என்ற சாய்சதுரத்திலிருந்து "இல்லை" என்று திரும்பும் அம்புக்குறி கண்ணில் குத்தியது. ஒரு ஓடருக்கு நாலு தரம் அந்த வழியால் திரும்பிப் போயிருக்கிறோம்.

ஆனால் அந்த நேரத்தில் வேலை யார் கையில் கிடந்தது என்று அந்தப் படம் சொல்லவில்லை. அதற்குத்தான் மூன்றாவது முறை, சுவிம்லேன். அதே படத்தை ஆளுக்கொரு நிரலாகப் பிரித்து வரைவது. வாடிக்கையாளருக்கு ஒன்று, கம்போஸுக்கு ஒன்று, மிஷினுக்கு ஒன்று, வெட்டி மடிப்பவருக்கு ஒன்று. வரைந்த பிறகு வாடிக்கையாளர் நிரலையே இரண்டாகப் பிரிக்கவேண்டி வந்தது: இங்கே அப்பா, ரொறன்ரோவில் பெரியப்பா. ஆடி மாதத்தில் அங்கே ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். நாங்கள் பின்னேரம் ஐந்து மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும் புரூஃப், அவர் காலை ஏழரைக்கு வேலைக்கு ஓடும் நேரத்தில் போய்ச் சேரும். இரவு பார்த்து ஒரு எழுத்தைத் திருத்தச் சொன்னால் இங்கே அடுத்த நாள் விடிந்திருக்கும். அம்புக்குறி ஒரு தரம் திரும்பினால் ஒரு நாள் போயிற்று.

இதற்கு அகலமான தாள் வேண்டும், ஆட்களை உட்காரவைத்துக் கேட்கவும் வேண்டும். ஒருவரே எல்லாம் செய்யும் சைக்கிள் கடைக்குத் தேவையில்லை, அங்கே பாய்ச்சற் படமே தாராளம். ஆனால் வேலை நாலு கை மாறுகிற இடத்தில் நான் சுவிம்லேனைத்தான் சொல்வேன். மினக்கெட்டு வரைந்த ஒரு பின்னேரம் எங்களுக்கு வீண்போகவில்லை.

இப்போது ஓடர் எடுக்கும்போதே, முடிவு சொல்லப்போகும் ஒரேயொருவரின் பெயரையும் நம்பரையும் வாங்கிக்கொள்கிறோம். பெயர்ப் பட்டியலை இரண்டு வீட்டாரும் பார்த்துத் தந்த பிறகுதான் கம்போஸ் தொடங்கும். புரூஃப் பெரும்பாலும் ஒரு தரம்தான் திரும்புகிறது. சுவரில் இருந்த பட்டியலையும் கழற்றவில்லை. அதன் தலையில் 12ஆவது வரி ஒன்று சேர்ந்திருக்கிறது: "கடைசி ஓகே ஆர்?"