பழைய சாமானை எந்த வழியில் தள்ளுவது?

வீடு மாற்றும்போது பழைய சோபா, போன், பைக் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஓ.எல்.எக்ஸில் போட்டுவிடுகிறோம். விலையை மட்டும் பார்த்தால் அது சரிதான். முகம் தெரியாத ஆள் தரும் தொகை பெரும்பாலும் அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் கிடைக்காது. எக்ஸ்சேஞ்சில் போட்டால் இன்னும் குறையும். காயலான் கடையில் எடைக்குத்தான் காசு. ஆனால் பாதுகாப்பு என்று பார்த்தால் பொருளுக்குப் பொருள் கதை மாறுகிறது. சோபா வாங்க வருபவர் வீட்டுக்குள் வருகிறார். போன் போனால் நம் அந்தரங்கமும் கூடப் போகலாம். பைக் போய்விடும், ஆனால் ஆர்.சி.யில் நம் பெயர் அப்படியே இருக்கும்.

ஓ.எல்.எக்ஸா, மார்க்கெட்பிளேஸா?

பேச்சைத் தொடங்க ஓ.எல்.எக்ஸ் தேவலை என்பேன். போன் நம்பரைக் காட்டாமல் செயலிக்குள்ளேயே சாட் செய்யலாம். ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸில் எதிராளியின் புரொஃபைலைப் பார்த்து ஆளை ஓரளவு எடை போடலாம், அது ஒரு வசதி. ஆனால் அவரும் நம்முடையதைப் பார்ப்பார், பிள்ளையின் பள்ளி யூனிஃபார்ம் வரைக்கும். புரொஃபைலைப் பூட்டிவிட்டு விளம்பரம் போடுங்கள்.

ஏமாற்ற வருகிற ஆள் இரண்டிலும் ஒரே மாதிரிதான். இரண்டாவது மெசேஜிலேயே வாட்ஸ்அப் நம்பர் கேட்பார். பேரமே பேச மாட்டார். “லாஸ்ட் ரேட் என்ன?” என்று கேட்காமல் நம் ஊரில் ஒருவர் பழைய கட்டில் வாங்குகிறார் என்றால் அங்கேயே உஷாராக வேண்டும். “மிலிட்டரியில இருக்கேன் சார், இப்பதான் சென்னைக்கு டிரான்ஸ்ஃபர்” என்பார். யூனிஃபார்ம் போட்ட ஐ.டி. கார்டு படம் வரும். நம்பிக்கைக்காக 5 ரூபாய் நிஜமாகவே அனுப்புவார். அப்புறம் ஒரு க்யூ.ஆர். கோடு: “ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, 8,000 வந்துடும்.”

யு.பி.ஐ.யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. பின் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகிறது, அவ்வளவுதான். தனிநபர்கள் ஒருவரிடம் ஒருவர் பணம் கேட்டு அனுப்பும் ‘கலெக்ட்’ வசதியை 2025 அக்டோபரோடு யு.பி.ஐ.யை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுத்திவிட்டது. க்யூ.ஆர். கோடு வழி மட்டும் அப்படியே இருக்கிறது. “அதிகமா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க” என்பதும் இதே ரகம். ஸ்கிரீன்ஷாட்டையும் எஸ்.எம்.எஸ்.ஸையும் போலியாகச் செய்ய முடியும். வங்கிச் செயலியைத் திறந்து பேலன்ஸ் பார்த்த பிறகுதான் பொருள் வாசலைத் தாண்ட வேண்டும்.

பலர் யோசிக்காத இன்னொன்று: வந்த பணம் வேறு யாரிடமோ மோசடி செய்து எடுத்ததாக இருந்தால், போலீஸ் புகாரின் பேரில் நம் கணக்கை முடக்கிவிட வாய்ப்பிருக்கிறது. அதனால் பணம் அனுப்பும் கணக்கின் பெயரும் எதிரே நிற்கிற ஆளின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். “மச்சான் அனுப்புவான்” என்றால், ரொக்கமாகவே கொடுக்கச் சொல்லுங்கள். பணம் பறிபோனால் உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அடியுங்கள். தாமதமாகத் தாமதமாக அதை நிறுத்திவைப்பது கஷ்டம்.

சோபா, கட்டில், பீரோ

இதற்கு என் ஓட்டு அப்பார்ட்மென்ட் குரூப்புக்குத்தான். வாங்குபவரின் பிளாட் நம்பர் தெரியும், தூக்கிப்போக குட்டி யானை கூட வேண்டாம். இங்கே வரும் தொல்லை “ஒண்ணாம் தேதி தர்றேன்” என்கிற கடன் தொல்லை மட்டும்தான். ஒரே எச்சரிக்கை: “என் ஃப்ரெண்டுக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன்” என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், வரப்போகிறவர் மறுபடி முகம் தெரியாத ஆள்தான்.

வெளியே விற்றே ஆக வேண்டுமானால் நீள அகலத்தை அளந்து விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். “சும்மா பார்த்துட்டுப் போறேன்” என்று வருகிறவர்களில் பாதிப் பேரைத் தவிர்க்கலாம். முடிந்தால் சாமானை முதல் நாளே பார்க்கிங்கில் இறக்கிவைத்துவிட்டு, கூட ஓர் ஆள் இருக்கும் நேரமாக வரச் சொல்லுங்கள். “15ஆம் தேதி வெளிநாடு போகிறோம், அவசர விற்பனை” என்று எழுதுவது வீடு பூட்டியிருக்கப் போகும் தேதியை ஊருக்கே சொல்வதுதான். படத்தின் பின்னணியில் திறந்த பீரோவும் சாவி மாட்டும் ஆணியும் தெரிகிறதா என்றும் ஒரு தடவை பாருங்கள்.

போன், லேப்டாப்

இங்கே எக்ஸ்சேஞ்ச்தான் ஜெயிக்கிறது, காசு குறைந்தாலும். ஐ.எம்.இ.ஐ. எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) போட்ட ரசீது கிடைக்கும். நாளைக்கு அந்த போனை வைத்து யாராவது ஏதாவது செய்தால், நான் இன்ன தேதியில் விற்றுவிட்டேன் என்று காட்ட அது உதவும். தனி ஆளிடம் விற்றால் அடையாள அட்டை நகலும், ஐ.எம்.இ.ஐ., தேதி எழுதிய கையெழுத்தும் வாங்குங்கள். எவரிடம் கொடுத்தாலும் முதலில் கூகுள் கணக்கிலிருந்து வெளியேறி, அப்புறம் ரீசெட். ஐபோனில், தொலைந்த போனைத் தேட உதவும் ‘ஃபைண்ட் மை’யை அணைக்க வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிவிட வேண்டும். பழைய லேப்டாப் என்றால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு விற்பதே மேல், விலை குறைந்தால் குறையட்டும்.

காயலான் கடைக்கு எடைக்குப் போடும் பழைய பேப்பர் கட்டுக்குள் ஆதார் ஜெராக்ஸ், பேங்க் ஸ்டேட்மென்ட், முகவரி ஒட்டிய கூரியர் பெட்டி இருந்தால் கிழித்துவிட்டுப் போடுங்கள்.

பைக்

எல்லாவற்றிலும் ஆபத்தானது இதுதான். “ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன்” என்று எடுத்துக்கொண்டு திரும்பாத கதைகள் உண்டு. அவர் வந்த வண்டி நம் வாசலில் நிற்காமல் சாவி தராதீர்கள். செகண்ட் ஹேண்ட் டீலரிடம் கொடுத்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் டீலர் அடுத்த ஆள் கிடைக்கும்வரை பெயர் மாற்றாமல் வைத்திருக்கக்கூடும். அதற்குள் விபத்து நடந்தால் இழப்பீடு யார் தலையில்? ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிப்பது விற்றவரின் வேலை. பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விடாமல், அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் பெயர் மாறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். வேண்டுமானால் விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, பெயர் மாற்றும் செலவை நம் கையிலிருந்தே போட்டு, நாமே கூட நின்று முடித்துவிடலாம். காராக இருந்தால் ஃபாஸ்டேகையும் மூடிவிடுங்கள்.

சும்மா கொடுப்பது

‘இலவசம்’ என்று விளம்பரம் போட்டால் போன் ஓயாது, வருகிறவர்களில் பாதி மறுவிற்பனைக்காரர்கள். துணிமணிக்கு கூஞ்ச் மாதிரி தொண்டு அமைப்புகளும், சில ஊர்களில் வேண்டாததை வைத்துவிட்டுப் போனால் தேவைப்பட்டவர் எடுத்துக்கொள்ளும் அன்புச் சுவர்களும் இருக்கின்றன. வாக்கர், சக்கர நாற்காலி என்றால் பக்கத்து முதியோர் இல்லத்துக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். மற்றதை வாட்ச்மேனிடம் கொடுத்துவைத்து, வருகிறவரை கேட்டிலேயே வாங்கிக்கொள்ளச் சொன்னால் போதும்.