வீட்டிலிருந்து வேலை: ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு

2020 மார்ச்சில், ஊரடங்குக்குச் சில நாள் முன்பு, அலுவலக மடிக்கணினியோடு சென்னை தரமணியிலிருந்து தென்காசிக்கு வந்தேன். இரண்டு வாரம் என்றுதான் சொன்னார்கள். ஐந்து ஆண்டு கழிந்தும் அதே மாடியறையில்தான் இருக்கிறேன். வேலையில் குறையில்லை. ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் கழிந்த நேரம் இப்போது அம்மாவுக்குக் கிடைக்கிறது. அதைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது கூட வேலை பார்ப்பவர்களைப் பற்றி.

முதலில் விட்டுப்போனது பக்கத்துப் பிரிவுகளோடு இருந்த பழக்கம். மூன்று நாளாகப் பிடிபடாத ஒரு பிழைக்கு, சர்வர் பிரிவு அண்ணன் ஒருவர் டீ ஆறுவதற்குள் காரணம் சொன்னது நினைவிருக்கிறது. இப்போது அவரிடம் கேட்க டிக்கெட் போடுகிறேன், அதாவது கணினியில் உதவிக் கோரிக்கை பதிகிறேன். கேட்டதற்குப் பதில் வருகிறது, வேறு பேச்சில்லை. மைக்ரோசாஃப்ட் தன் அமெரிக்க ஊழியர்கள் 61,000 பேருக்கு மேல் ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட முடிவும் இதுதான்: வீட்டிலிருந்து வேலை பார்க்கத் தொடங்கியதும் பிரிவுகளுக்கு இடையிலான தொடர்பு மெலிந்தது, அவரவர் வட்டம் இறுகியது.

எங்கள் குழுவில் எட்டுப் பேர். தினமும் காலையில் பேசுகிறோம். அதனால் எங்களுக்குள் எதுவும் குறையவில்லை என்றுதான் 2022 வரை நம்பியிருந்தேன். அந்த ஆண்டு ஒரு தம்பி, சொந்த வேலை என்று ஒரு வாரம் விடுப்பு எடுத்துத் திரும்பினான். கேமராவை அணைத்துவைத்தே பேசினான். நாங்கள் எல்லோருமே அப்படித்தான். ஒரு மாதம் கழித்து ஏதோ காட்டுவதற்காகக் கேமராவைப் போட்டான். தலையில் முடி அப்போதுதான் முளைத்து வந்திருந்தது. "திருப்பதியா?" என்று கேட்டேன். "அப்பா தவறிவிட்டார், அண்ணா" என்றான்.

அலுவலகமாக இருந்திருந்தால் அவன் மொட்டைத் தலையோடு உள்ளே வந்ததுமே எட்டுப் பேரும் எழுந்து போயிருப்போம். பதினாறாம் நாள் காரியத்துக்கு இரண்டு பேராவது பஸ் ஏறியிருப்போம். அவனாக வாய்விட்டுச் சொல்லும்வரை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகளில் அரை மணி நேரம் வேலைப் பேச்சே இல்லாமல், முகம் தெரியப் பேசுகிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொந்தச் செலவில் சென்னையில் கூடுகிறோம். நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை என்று முடிவெடுப்பவர்கள், முக்கியமாகப் புதிதாகச் சேர்ந்தவர்கள், இந்தப் பயணச் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சென்ற முறை சர்வர் பிரிவு அண்ணனும் வந்திருந்தார். அவருக்குப் பேத்தி பிறந்து ஒன்றரை வயதாகிறதாம்.