வெண்புள்ளி நோய்: காப்பரா, உப்பைக் குறைப்பதா, தொட்டி மாற்றுவதா?

தொட்டியில் வளர்க்கும் கடல் மீனின் உடம்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், பெரும்பாலும் அது கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணி. சில நாட்களில் புள்ளிகள் தானாகவே மறையும். குணமாகிவிட்டது என்று பலரும் ஏமாறுவது அப்போதுதான். வயிறு நிறைந்த ஒட்டுண்ணி மீனை விட்டு இறங்கி, மணலிலும் பாறையிலும் கூடு கட்டியிருக்கும். அதிலிருந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் நீந்தி வரும். ஒன்றிரண்டு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் அவை செத்துவிடும்.

காப்பர், அதாவது செம்பு மருந்து, கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டும்தான். தோலுக்கடியில் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. அதனால்தான் மருந்தின் அளவை வாரக்கணக்கில் இறங்கவிடாமல் காக்க வேண்டியிருக்கிறது; 30 நாள் என்பது பாதுகாப்பான கணக்கு. அயனி காப்பர் (எதனோடும் பிணைக்காத செம்பு) என்றால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம். குறைந்தால் ஒட்டுண்ணி தப்பும், கூடினால் மீன் தாங்காது. கீலேட் காப்பரின் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செம்பு) அளவு இதைவிடப் பல மடங்கு, அதற்குப் பொருந்தும் டெஸ்ட் கிட்டும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் மீன் போய்விடும். பவளம், இறால், நத்தை எதுவும் காப்பரில் பிழைக்காது. பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்ளும். எனவே எதுவும் போடாத தனித் தொட்டிதான் வேண்டும். அங்கே அமோனியா ஏறினால் தண்ணீரை மாற்றுங்கள். அமோனியாவைக் கட்டுப்படுத்தும் திரவத்தை ஊற்றாதீர்கள். சில திரவங்கள் காப்பருடன் சேர்ந்தால் மீனுக்கே நஞ்சு.

உப்பைக் குறைக்கும் முறையில் மருந்தே இல்லை. ஒப்படர்த்தியை (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் எண்) 1.025-லிருந்து 1.009-க்கு இறக்கினால் கூடுகள் ஊதி வெடிக்கும். 1.011-இல் நின்றுவிட்டால் முழுப் பலன் கிடைக்காது. அதை அளக்கும், சரிபார்த்த ரிஃப்ராக்டோமீட்டர் இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். குறைந்த உப்பையும் தாங்கும் ஒட்டுண்ணி வகைகள் இருப்பதால், எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை.

தொட்டி மாற்றுவதுதான் என் முதல் தேர்வு. 72 மணி நேரத்துக்குள் மீனை சுத்தமான, உலர்ந்திருந்த புதுத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்படி 4 முறை. கூடுகள் பொரிப்பதற்கு முன்பே மீன் அங்கிருந்து போயிருக்கும். 12 நாளில் வேலை முடிந்துவிடும். உழைப்பு அதிகம், மீனுக்கும் அலைச்சல்தான். ஆனாலும் ஈரலும் செவுளும் மருந்தால் கெடுவதில்லை.

ஒன்றே ஒன்று இந்தத் தேர்வை மாற்றும். புள்ளி மாவுபோல் மிக நுண்ணியதாக இருந்து, மீன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோயாக இருக்கலாம். அப்போது யோசிக்க நேரமில்லை, காப்பர்தான். மற்ற இரண்டும் அதை ஒழிக்காது.

சரி, மீனை வெளியே எடுத்தாயிற்று, பழைய தொட்டி? எந்த வழியில் போனாலும் அது மீனில்லாமல் கிடக்க வேண்டும். 72 நாள் வரை பொரிக்காமல் கிடந்த கூடுகள் பதிவாகியிருப்பதால் 76 நாள் காத்திருப்பது வழக்கம். பவளமும் நத்தையும் அங்கேயே இருக்கட்டும். சிகிச்சைத் தொட்டியில் நனைந்த வலையோ கையோ மட்டும் அதற்குள் போகக் கூடாது.