புதிய நகரில் நல்ல இந்திய உணவகத்தைத் தேடித் தருமா வரைபடச் செயலி?

வேலை மாற்றத்தால், தெரிந்தவர் ஒருவர்கூட இல்லாத நகரம் ஒன்றில் வந்து குடியேறி மூன்று மாதங்கள் ஆகின்றன. வீட்டுச் சாமான்கள் வந்து சேர ஏழு வாரங்கள் பிடித்ததால், அதுவரை எனக்கும் என் மனைவிக்கும் இரு வேளையும் வெளிச் சாப்பாடுதான். எல்லோருடைய கைபேசியிலும் இருக்கும் வரைபடச் செயலியில் ‘இந்திய உணவகம்’ என்று தட்டி, அது காட்டிய இடங்களுக்கெல்லாம் போய் உட்கார்ந்து சாப்பிட்டோம். இந்த ஒரு வேலைக்கு அந்தச் சேவை எவ்வளவு தூரம் உதவியது, எங்கே கைவிட்டது, கைவிட்ட பிறகு நல்ல சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடித்தோம் என்பதை, இனி புதிய ஊருக்குப் போகிறவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

வழி காட்டுவதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடை எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறக்கும், பேருந்தில் போனால் எவ்வளவு நேரமாகும், தொலைபேசி எண் என்ன என்பவை பெரும்பாலும் சரியாகவே இருந்தன. சிக்கல் நட்சத்திரங்களில் தொடங்கியது.

நாங்கள் முதலில் போன உணவகத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மதிப்பெண் அளித்திருந்தார்கள், சராசரி 4.6. உள்ளே போனதும் எட்டுப் பக்க உணவுப்பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். செட்டிநாடு கோழி, விண்டலூ, ‘மெட்ராஸ்’ கறி ஆகிய மூன்றையும் வாங்கினோம். மூன்று கிண்ணங்களிலும் இருந்தது ஒரே குழம்பு. முதலாவதில் மிளகுத்தூளைத் தூவியிருந்தார்கள், இரண்டாவதில் உருளைக்கிழங்கு மிதந்தது, மூன்றாவது கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது. கரண்டியால் விலக்கிப் பார்த்தால் வெங்காயம் இருந்த தடமே தெரியாமல் மூன்றிலும் ஒரே வழவழப்பு. கல்பாசியின் வாசம் எட்டிக்கூடப் பார்க்காத குழம்புக்குச் செட்டிநாடு என்று பெயர் வைத்திருந்தது எனக்கு உண்மையாகவே வருத்தமளித்தது.

அந்த ஆயிரம் பேரும் பொய் சொல்லவில்லை என்பதைப் பிறகு யோசித்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். வெளிநாடுகளில் ‘இந்திய உணவகம்’ என்ற பெயர்ப்பலகைக்குத் தனியாக ஒரு வரலாறு உண்டு. இந்தியாவிலிருந்து போன ஷேக் தீன் முகமது 1810இல் லண்டனில் தொடங்கிய ஹிந்தோஸ்தானி காபி ஹவுஸ் இரண்டே ஆண்டுகளில் நொடித்துப்போனது. 1926இல் அங்கே வீராசாமி உணவகம் தொடங்கியது. ஆனால் பிரிட்டனின் ஊர்தோறும் கறிக்கடைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களில் பெரும்பாலோர், இன்றைய வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட் பகுதியிலிருந்து போனவர்கள். வெங்காயத்தைக் குவியலாக வேகவைத்து அரைத்து ஒரு பொதுக் குழம்பைப் பெரிய அண்டாவில் தயாராக வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஏற்பக் காரத்தையும் பாலேட்டையும் கூட்டிக் குறைத்துச் சில நிமிடங்களில் பரிமாறும் முறை அந்தக் கடைகளில் நிலைபெற்றது. கோவாவில் போர்த்துகீசியரின் வினிகரும் பூண்டும் சேர்ந்து உருவான விண்டலூ, அங்கே மிகுந்த காரம் என்பதற்கு இன்னொரு பெயராகிவிட்டது. இன்னொரு பக்கம், 1947 பிரிவினைக்குப் பிறகு டெல்லியில் வேரூன்றிய பஞ்சாபிச் சமையல், தந்தூர் அடுப்பையும் பட்டர் சிக்கனையும் உலகெங்கும் கொண்டுபோனது. இந்த இரண்டும் கலந்த ஒன்றைத்தான் பெரும்பாலான நகரங்களில் இந்தியச் சாப்பாடு என்கிறார்கள். அதை விரும்பிப் போனவர் அது நன்றாகக் கிடைத்ததும் ஐந்து நட்சத்திரம் கொடுக்கிறார்; அவர் கொடுத்தது சரிதான். ரசம் தேடிப் போனவருக்கு அந்த ஐந்து நட்சத்திரத்தால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே, தேடும் சொல்லை மாற்றினேன். இந்தச் செயலியில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய பலன் இதுதான். ‘இந்திய உணவகம்’ என்று தேடுவதை விட்டுவிட்டு, பொங்கல், ஆப்பம், பரோட்டா, புட்டு, ரசம், மீன் குழம்பு என்று உணவின் பெயரையே தட்டினால், உணவுப்பட்டியலிலோ வாடிக்கையாளர் கருத்துகளிலோ அந்தச் சொல் இருக்கும் கடைகளை அது எடுத்துக் காட்டுகிறது. முதல் பக்கத்தில் வந்துகொண்டிருந்த கடைகள் மறைந்து, அதுவரை கண்ணிலேயே படாத நான்கு கடைகள் வந்தன. பிற மாநிலத்தவர்களுக்கும் இதே வழி பொருந்தும்: வங்காளி நண்பர் கடுகு மீனின் பெயரையும், குஜராத்தி நண்பர் உந்தியூவையும் தேடட்டும். தமிழ் எழுத்திலேயே தட்டியும் பார்த்தேன். ஒரு கடையின் கீழே, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு யாரோ எழுதிய ஒற்றை வரி கிடைத்தது: “ரசம் நம்ம வீட்டு ரசம் மாதிரியே இருக்கு, சனிக்கிழமை போங்க.” அந்தக் கடையின் சராசரி 3.9. நட்சத்திரத்தை மட்டும் பார்த்திருந்தால் நான் அதைக் கடந்துபோயிருப்பேன்.

அடுத்தபடியாக, படங்கள். கடைக்காரர் போட்ட படங்களை ஒதுக்கிவிட்டு, சாப்பிட்டவர்கள் மேசைமேல் கைபேசியை நீட்டி எடுத்த மங்கலான படங்களைப் பார்க்க வேண்டும். உண்மை அவற்றில்தான் இருக்கிறது. தோசையை மடித்து வைத்திருந்தாலும் ஓரத்தில் அதன் பரப்பு தெரியும். நன்றாகப் புளித்த மாவில் ஊற்றிய தோசையில் ஊசித்துளைகள் நெருக்கமாக விழுந்திருக்கும். கல்லில் பட்ட பக்கம் சீராகச் சிவந்திருக்கும். புளிக்காத மாவோ பொட்டல மாவோ என்றால், வெளுத்துப்போய் அட்டை மாதிரி இருக்கும். குளிர் நாடுகளில் இது சிறிய விஷயம் அன்று. ஏறத்தாழ 30 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரே இரவில் பொங்கிவிடும் மாவு, குளிர்ந்த சமையலறையில் மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடக்கும். அதைக் கதகதப்பான இடத்தில் வைத்துப் பொங்கவைப்பதற்கு அக்கறையுள்ள ஒருவர் வேண்டும். அக்கறை இல்லாத இடத்தில் சோடா உப்பு அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பிரியாணிப் படத்தில், சோறு முழுவதும் ஒரே மஞ்சளாக இருந்தால் அது தம் போட்டதாக இருப்பது அரிது. அடுக்கடுக்காக வைத்துத் தம் போட்டதில் வெள்ளையும் மஞ்சளும் பழுப்புமாகப் பருக்கைகள் கலந்து கிடக்கும். நான் ரொட்டியில் கரும்புள்ளிகளோடு கொப்புளங்கள் இருந்தால், 400 பாகை செல்சியஸ் வரை தணல் ஏறும் உண்மையான தந்தூர் அந்தச் சமையலறையில் இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும்விட முக்கியமான அடையாளம் கறிவேப்பிலை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலைச் செடியிலும் வாழும் என்பதால், அமெரிக்கா உள்ளிட்ட பல நாடுகள் அதன் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்துகின்றன. அதனால் பல நகரங்களில் பச்சைக் கறிவேப்பிலை எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை அதிகம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு கடையின் தேங்காய்ச் சட்னிமேல் கரும்பச்சை நிறத்தில், எண்ணெயில் பொரிந்து சுருண்ட இலை படத்தில் தெரிகிறதென்றால், அந்தக் கடைக்காரர் தாளிப்புக்காகச் செலவு செய்யத் தயங்காதவர் என்று பொருள். உலர்ந்த இலை வைக்கோல் மாதிரி வெளிறி மிதக்கும். இந்த வேறுபாட்டை எந்த மதிப்பெண்ணும் சொல்லாது.

கருத்துகளை வரிசைப்படுத்துவதிலும் செயலி நம்மை ஏமாற்றமடையச் செய்கிறது. ‘மிகவும் பொருத்தமானவை’ என்று அது தானாக முன்னே வைப்பவற்றில், ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய புகழுரைகளும் இருக்கின்றன. இந்திய உணவகங்களில் ருசி என்பது பெரும்பாலும் ஒரே ஒரு சமையல்காரரின் கை. அவர் வேறு கடைக்கோ சொந்த ஊருக்கோ போய்விட்டால், பெயர்ப்பலகையும் நட்சத்திரங்களும் அப்படியே இருக்க, சாப்பாடு மட்டும் மாறிவிடும். நாங்கள் போன இன்னொரு கடையில் இதுதான் நடந்திருந்தது. புதியவை முதலில் வரும்படி மாற்றிப் பார்த்தபோது, கடைசி நான்கு மாதங்களில் எழுதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக “முன்புபோல் இல்லை” என்றே சொல்லியிருந்தார்கள். போவதற்கு முன்பே அதைப் பார்த்திருக்க வேண்டும். சமையல்காரர் மாறியதைச் சொல்ல அந்தச் செயலியில் ஓர் இடம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் செயலிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஒரே சமையலறை ஐந்து பெயர்களில் ஐந்து கடைகளாக அவற்றில் தோன்றலாம். மேலும், மூடிய டப்பாவில் அரை மணி நேரம் பயணம் செய்த தோசையை வைத்து எந்தக் கடையையும் மதிப்பிடுவது நியாயமன்று.

தேடும் எல்லையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். செயலி நாம் நிற்கும் இடத்தை நடுவாக வைத்துத் தேடுவதால், நகர மையத்தில் குடியிருப்பவருக்கு மையத்துக் கடைகளையே முதலில் காட்டும். ஆனால், ஒரு சமூகத்தினர் தங்களுக்காகச் சமைத்துக்கொள்ளும் சாப்பாடு, பல நகரங்களில் விளிம்பில்தான் இருக்கிறது. லண்டன்வாசிகள் பஞ்சாபிச் சாப்பாட்டுக்கு, ஹீத்ரோ விமான நிலையத்துக்கு அருகிலுள்ள சவுத்தாலுக்குப் போகிறார்கள். அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலைக்கு வந்த பஞ்சாபியர் 1950களிலிருந்து அங்கே குடியேறியதே அதற்குக் காரணம். நியூ ஜெர்சியில் எடிசனையும் ஐஸ்லினையும் இணைக்கும் ஓக் ட்ரீ சாலையும், சிட்னிக்கு மேற்கே ஹாரிஸ் பார்க்கும் அப்படிப்பட்டவையே. பாரிஸில் நகருக்குள்ளேயே உள்ள லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகள் நெருங்கி இருப்பது இதற்கு ஒரு விலக்கு. எனவே, வரைபடத்தை விரலால் சுருக்கி, நகரின் வெளிவட்டம் தெரியும்படி வைத்துக்கொண்டு, உணவகத்தை அல்லாமல் இந்திய மளிகைக் கடையையும் கோயிலையும் தேட வேண்டும். இரண்டு மூன்று மளிகைக் கடைகள் ஒரே தெருவில் இருந்தால், அங்கே சாப்பிட ஏதாவது ஓர் இடம் இருந்தே தீரும். கோயில்களையும் விட்டுவிடக் கூடாது: நியூயார்க்கின் ஃப்ளஷிங் பகுதியிலுள்ள கணபதி கோயிலின் கீழ்த்தளக் கேண்டீன், சாமி கும்பிட வராதவர்களையும் தோசைக்காக வரவழைக்கிறது.

தமிழில் ஒற்றை வரி எழுதியிருந்த அந்த 3.9 கடையும், ரயிலில் நாற்பது நிமிடம் போய் இறங்க வேண்டிய புறநகரில், ஒரு மளிகைக் கடையின் பின்பக்கத்தில் இருந்தது. போவது சரிதானா என்று உறுதி செய்துகொள்ள மளிகைக் கடைக் கல்லாவில் இருந்த பெண்மணியிடம் கேட்டேன். “அக்கா, நீங்க எங்க சாப்பிடுவீங்க?” என்றதற்கு அவர், “பின்னாடிதான் தம்பி, மதியம் ஒரு மணிக்குள்ள போயிருங்க, ரசம் தீர்ந்துரும்” என்றார். ஆயிரம் பேரின் சராசரியைவிட அந்த ஒரு பதில் எனக்குப் பெரிதாகப் பட்டது.

உள்ளே ஆறு மேசைகள்தான். உணவுப்பட்டியல் என்று தனியாக ஒன்று இல்லை. பலகையில் சாக்குக்கட்டியால் ஒன்பது பதார்த்தங்களை எழுதியிருந்தார்கள். எட்டுப் பக்கப் பட்டியலைப் பார்த்துச் சலித்திருந்த எனக்கு அதுவே பாதி நம்பிக்கையைத் தந்தது. சாப்பாட்டுத் தட்டில் சோறு, சாம்பார், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம், சின்ன எவர்சில்வர் தம்ளரில் ரசம். தம்ளரின் அடியில் கொரகொரப்பாகத் தட்டிய மிளகும் சீரகமும் தங்கியிருந்தன. மேலே நெய்யில் வெடித்த கடுகு. இரண்டு பச்சைக் கறிவேப்பிலை. புளி முன்னால் வந்து, காரம் தொண்டையில் இறங்கிய பிறகு பூண்டு மெல்ல எழுந்தது. மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு எதுவும் பேசாமல் இன்னொரு தம்ளர் கேட்டாள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை இந்திய உணவகத்துக்குப் பொருத்திச் சொல்வதானால், எனக்கு அந்த ஒரு சோறு ரசம்தான். மலிவான பொருள்களில் செய்வது, மறைத்துக்கொள்ளப் பாலேடு கிடையாது. காலையில் வைத்ததைச் சூடு காட்டிக்கொண்டே இருந்தால் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

குறைகளும் உண்டு. கை கழுவுமிடம் இன்னும் சுத்தமாக இருக்கலாம். காபி சுமார்தான். பரிமாறுபவர் ஒருவரே என்பதால், கூட்டம் வந்துவிட்டால் மோருக்குக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். அந்த 3.9 சராசரிக்கான காரணத்தைத் தேடிப் படித்தபோது, குறைத்து மதிப்பிட்டவர்களில் பலர் நான் ரொட்டி கிடைக்கவில்லை, பட்டர் சிக்கன் இல்லை, இடம் சிறியது என்றே எழுதியிருந்தார்கள். சாப்பாட்டின் ருசியைக் குறை சொன்னவர்கள் மிகச் சிலர்.

இடத்தைக் காட்டுவதற்காக அந்தச் செயலிக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். தேர்ந்தெடுத்துத் தருவதற்கு ஐந்துக்கு இரண்டு போதும். சொல்லை மாற்றித் தேடவும் படங்களைப் பெரிதாக்கிப் பார்க்கவும் பழகிக்கொண்டவர்கள் மூன்றரை வரை கொடுக்கலாம். கடந்த சனிக்கிழமை ஐந்தாவது முறையாக அந்தக் கடைக்குப் போனபோது, சாக்குக்கட்டிப் பலகையையும், தோசையைத் திருப்பிப் போட்டு அதன் சிவந்த பக்கத்தையும், அடியில் மிளகு தங்கிய ரசத் தம்ளரையும் படமெடுத்து ஏற்றினேன். கீழே தமிழிலேயே, ரசம், தோசை, ஆப்பம் என்ற மூன்று பெயர்களும் வரும்படி, எந்த நாளில் எது கிடைக்கும் என்பதையும், ஆப்பம் வேண்டுமானால் வெள்ளிக்கிழமை மாலைக்குள் தொலைபேசியில் சொல்லிவைக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்திருக்கிறேன்.