உப்புக் கோச்சியும் பின்னால் போகாத வியாதியும்

"மச்சான், உந்த உப்புக் கோச்சி மாதிரி ஒண்டு செய்ய எவ்வளவு முடியும்?" என்று வவுனியாவிலிருந்து நண்பன் கேட்டிருந்தான். கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான், வளவில் ஓட்டும் என் மொடல் கோச்சியில் அந்த உப்புப் பெட்டியை மற்றப் பெட்டியோடு பூட்டும் கொக்கியை மூன்றாவது தடவையாகக் கழற்றி வைத்துக்கொண்டு கிணற்றடியில் குந்தியிருந்தேன். இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும், கழித்துவிட்டு வாசியுங்கள்.

ஜெர்மனியிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த எல்ஜிபி (தோட்டத்தில் ஓட்டும் மொடல் கோச்சி) அட்டைப்பெட்டிக்குள் ஓடக்கூடிய என்ஜின் ஒன்று, 600 மில்லிமீற்றர் ஆரை வளைவுத் தண்டவாளம், உடைந்த வாகன்களிலிருந்து மிஞ்சிய போகிகள், அதாவது பெட்டிக்குக் கீழே தனியாகத் திரும்பும் சில்லுச் சட்டங்கள், நாலு. மேற்பெட்டி ஒன்றுகூட உருப்படியாக இல்லை. நாலு வருஷத்துக்கு முன் அந்தப் போகிகளுக்கு மேல் நானே கட்டத் தொடங்கினேன். முதலாவது உப்புப் பெட்டி. அடிச்சட்டம் பனஞ்சிலாகைத் துண்டு, பக்கங்கள் வெட்டி நிமிர்த்திய பால்மாப் பேணித் தகரம். பரந்தன் பக்கத்தில் இருந்துகொண்டு ஆனையிறவு உப்பை ஏற்றாமல் வேறு எதை ஏற்றுவது? 1990இல் போரால் கோச்சி நின்றபோது நான் பிறக்கவே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர்க்கட்டையும் பங்கருக்குப் போன ஊரில் வளர்ந்து, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கு வந்ததைத்தான் முதன்முதலில் பார்த்தேன். கூட்ஸ் கோச்சி எல்லாம் அப்பா சொன்ன கதைதான்.

அளவு பிழை என்று சொல்ல வருபவர்களுக்கு: தெரியும். என் தண்டவாளங்களுக்கு இடையே 45 மில்லிமீற்றர். 1:22.5 அளவில் சிறிதாக்கினால் அது மீற்றர் பாதை. நம்முடையது 1676 மில்லிமீற்றர் அகலப் பாதை, ஒழுங்காகச் செய்வதென்றால் 1:37. என்ஜினைத் தூக்கி எறிய மனம் வரவில்லை, விடுங்கள்.

இனி வியாதிக்கு வருகிறேன். பெட்டியின் நீளம் 42 சென்ரிமீற்றர். தொடக்கத்தில் கொக்கியைச் சட்டத்தின் நுனியில் பூட்டினேன். நேர்ப்பாதையில் தங்கம். வளைவுக்குள் நுழைந்ததும் சட்டத்தின் நுனி வட்டத்துக்கு வெளியே நீட்டும், கொக்கியும் கூடப் போகும், பின்னால் வரும் பெட்டியை வெளிப்பக்கம் இழுத்து விழுத்தும். சரி என்று கொக்கியைப் போகியிலேயே பூட்டினேன். போகி வளைவோடு திரும்புவதால் இழுக்கும்போது ஒரு குறையும் இல்லை. பின்னால் தள்ளினால் மட்டும் கதை வேறு. தள்ளுகிற விசை கொக்கி வழியாகப் போகியைக் கோணலாகத் திருப்ப, ஒரு பக்கச் சில்லு மெல்ல எழும்பித் தண்டவாளத்தின் மேல் ஏறி நிற்கும். ஒரு கணம் அப்படியே நிற்கும், பிறகு சரியும். அந்த ஒரு கணத்தைப் பார்த்துப் பார்த்தே எனக்குப் பிரஷர் வந்துவிட்டது.

பாரம் போதாது என்று நினைத்து, ரயர்க் கடையில் கழித்துப் போட்ட பலன்சிங் ஈயக்கட்டிகளைப் பொறுக்கிவந்து இரண்டு போகிகளுக்கும் நேர்மேலே ஒட்டினேன். அரைக் கிலோவாக இருந்தது 900 கிராம் ஆனது. மெதுவாகத் தள்ளினால் இப்போது போகும். மருமகன் கையில் கொன்ட்ரோலர் இருந்தால் போகாது. மாரியில் கிறவல் இளகிப் பாதை தாழ்ந்தால் யார் கையில் இருந்தாலும் போகாது. சல்லிக்கல் போட்ட பிறகு அந்தத் தொல்லை பாதியாகக் குறைந்தது.

110 மில்லிமீற்றர் பிவிசி குழாயில் செய்த எண்ணெய்த் தாங்கிப் பெட்டி மீதி இரண்டு போகிகளில் சும்மா ஓடுகிறது, சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவது மூடுபெட்டி. போகி மிஞ்சாததால் அதற்குச் சில்லுகளை லேத்தில் கடைந்தேன். அச்சு, பழைய சிடி டிரைவுக்குள் இருக்கும் 3 மில்லிமீற்றர் வழுவழுப்பான கம்பி. பெயாரிங் 3 மில்லிமீற்றர் துளையுள்ள 623. சில்லுகளின் உள்முகங்களுக்கு இடையே சரியாக 40 மில்லிமீற்றர் விட்டேன். இவ்வளவும் பார்த்துச் செய்தவன், இரும்பு அச்சில் இரண்டு இரும்புச் சில்லைப் பூட்டினால் என்ஜினுக்குக் கரண்ட் கொண்டுபோகும் இரண்டு தண்டவாளமும் சோர்ட் ஆகும் என்பதை மறந்துவிட்டேன். கொன்ட்ரோலர் அணைந்தபோதுதான் புத்தி வந்தது. ஒரு பக்கச் சில்லுக்குள் பிளாஸ்ரிக் புஷ் போட்டுத் திருத்தினேன். இப்போது அது ஓடுகிற இலகுவைச் சொல்லி முடியாது. போன ஆடியில் சோளகம் வீசியபோது, நிறுத்தி வைத்த இடத்திலிருந்து தானாகப் புறப்பட்டு மாமரத்தடி வரை போய் நின்றது. அம்மா "ஆர் தம்பி விட்டது?" என்று கேட்டா.

நான் எதிர்பார்க்காதது துரு. மருமகன் உப்புப் பெட்டிக்குள் உண்மையான உப்பையே கொட்டி மழையில் விட்டுவிட்டான். ஏசினேன். அடுத்த மாரி முடிவதற்குள் பேணித் தகரம் வெட்டிய விளிம்புகளிலிருந்து கீழ்நோக்கிச் செம்மண் நிறத்தில் ஒழுகியிருந்தது. மூலைகளில் கறுத்து, நடுவில் தோல் உரிந்ததுபோல. தூரிகையோடு ஒரு வாரம் இருந்தாலும் எனக்கு அப்படி வராது. பின்னேர வெயிலில் அது வளைவில் வரும்போது நானே ஒருமுறை எழும்பி நின்றேன்.

ஆகவே மச்சான், 10க்கு 4. செய்யாதே. பின்னாலும் போகவேண்டும் என்றால் காசு சேர்த்துக் கடைப் பெட்டியே வாங்கு. செலவைக் கேட்டாய்: ஈயம் சும்மா, தகரம் சும்மா, லேத்காரருக்குக் கொடுத்ததைக் கணக்கில் எழுதவில்லை, அம்மாவும் இதை வாசிப்பா. பொங்கலுக்கு வருகிறாய்தானே, வரும்போது 3 மில்லிமீற்றர் துளை பிளாஸ்ரிக் புஷ் நாலு வாங்கிவா. இங்கே கிடைக்கவில்லை.